ஓடிப்போய் ஒரு கை கொடுப்போம்: வன்னியில் ஓட்டத்தையும் சிரமதானத்தையும் சேர்த்துத் தொடங்குவது எப்படி

வளர்ந்த ஆள் ஒருவர் விடியக்காலையில் வீதியால் ஓடினால், எங்கள் பக்கத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டு நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன தம்பி, போட்டியோ?" என்பதுதான். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி, அதையொட்டி நடக்கிற மரதன், இல்லாவிட்டால் வேலைக்கான உடற்தகுதிப் பரீட்சை. ஓடுவதற்கு நாங்கள் கண்ட காரணங்கள் இவ்வளவுதான். அதே வீதியால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் வேலைக்குப் போகிறார் என்பது பார்த்தாலே தெரியும்.

இந்த இரண்டையும் சேர்ப்பது பற்றித்தான் எழுதுகிறேன். நாலைந்து பேர் ஒரு இடத்தில் கூடி, இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி ஒரு வேலைக்குப் போவது. அங்கே ஒரு மணித்தியாலம் ஊருக்கு உதவுகிற ஏதாவது செய்வது. திரும்பவும் ஓடியோ நடந்தோ வீட்டுக்கு வருவது. இது புதிதாகக் கண்டுபிடித்த ஒன்று கிடையாது. லண்டனில் 2009இல் தொடங்கிய குட்ஜிம் என்ற அமைப்பில் ஓட்டக்காரர்கள் தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள், சின்னச் சின்ன வேலைகளும் செய்து கொடுக்கிறார்கள். சுவீடனில் 2016இல், ஓடிக்கொண்டே வீதியோரக் குப்பையைப் பொறுக்குகிற பழக்கம் தொடங்கி, பிளொக்கிங் என்ற பெயரில் உலகமெல்லாம் போனது. இரண்டுமே நல்ல யோசனைகள். ஆனால் வன்னியில் அவற்றை அப்படியே எடுத்துச் செய்ய முடியாது. குப்பை பொறுக்குவது உட்படச் சில விசயங்களை இந்த மண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றித்தான் ஆகவேண்டும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னர், நான் இதை ஏன் இவ்வளவு நம்புகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மீள்குடியேறிய காலத்திலிருந்து எங்கள் ஊர்களுக்கு உதவ வந்தவர்கள் ஏராளம். பலர் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் ஒருமுறை வந்தார்கள். மரம் நட்டார்கள், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. கிணறு இறைத்தார்கள், அடுத்த மாரிக்கு யாரும் வரவில்லை. எங்கள் ஓட்டக் குழு முதன்முதலில் ஒரு சனசமூக நிலையத்தில் போய் நின்றபோது அங்கிருந்த ஐயா ஒருவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தம்பியவை, போனமுறை வந்தவையும் நல்ல பிள்ளையள்தான். படம் எடுத்துக்கொண்டு போனவை, பிறகு காணேல்லை." ஓடுகிறவர்களிடம் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு பழக்கம் இருக்கும்: சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை, திரும்பத் திரும்ப வருவார்கள். ஊர் வேலைக்கு இங்கே குறைவாகக் கிடைப்பது அந்தத் திரும்பி வருதல்தான். கீழே நான் சொல்கிற எல்லாவற்றையும் இதை மனதில் வைத்து வாசியுங்கள்.

நாலு பேர் போதும்

முதலில் ஆட்களைச் சேர்க்க வட்ஸ்அப் குழு தொடங்கி நூறு பேரைப் போடாதீர்கள். உண்மையில் வரக்கூடிய மூன்று, நாலு பேரை நேரில் கேளுங்கள். விளையாட்டுக் கழகத்தில் பந்தடிக்கிற பெடியன் ஒருவன், கூட வேலை செய்கிற அக்கா ஒருவர், உங்கள் மச்சான், பக்கத்து வீட்டு ஆசிரியர் என்று தொடங்கினால் போதும். கிழமையும் நேரமும் இடமும் மாறக்கூடாது. எங்களுக்குச் சனிக்கிழமை காலை ஆறு மணி, வாசிகசாலை முன்றல். இரண்டு பேர் வந்தாலும் அந்த இரண்டு பேரோடு தொடங்கிவிடுவோம்.

பெண்கள் வரவேண்டும் என்று நினைத்தால், தொடக்கத்திலேயே குறைந்தது இரண்டு பெண்கள் குழுவை நடத்துகிறவர்களாக இருக்கவேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடப்பதில்லை. வீட்டில் அம்மா கேட்கிற முதல் கேள்வி "ஆரோட போறாய்?" என்பதுதான். அதற்கு ஒரு அக்காவின் பெயரைச் சொல்ல முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உடுப்பைப் பற்றி ஒரு சட்டமும் வேண்டாம். சல்வாரோடு ஓடலாம், நீளக் காற்சட்டையோடும் ஓடலாம். வீட்டிலிருந்து கூடும் இடம் வரைக்கும் யாரும் தனியாக இருட்டில் வராதபடி நேரத்தை வையுங்கள்.

எங்கள் ஊர்களில் ஒரு காலை இழந்தவர்கள், உடம்பில் இன்னும் ஷெல் துண்டுகளோடு இருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஓட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அது தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்: ஓடலாம், நடக்கலாம், சைக்கிளில் வரலாம், ஓட்டோவில் நேராக வேலை இடத்துக்கும் வரலாம். எங்களுடைய ஆயுதங்களை, அதாவது மண்வெட்டி, அலவாங்கு, கத்தி எல்லாவற்றையும் கணக்கு வைத்து, வேலையைப் பிரித்துத் தருகிறவர் சைக்கிளில் வருகிற ஒரு அண்ணன்தான். அவர் வராத அன்று வேலை இழுபடும்.

நடையோடு கலந்த ஓட்டம்

இதுவரை ஓடிப் பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே மூன்று கிலோமீற்றர் ஓடப் பார்க்கக்கூடாது. ஒரு நிமிடம் மெதுவாக ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். இப்படி எட்டு முறை செய்தால் இருபத்துநாலு நிமிடம். முதல் இரண்டு கிழமைக்கு அவ்வளவு போதும். பிறகு ஓடுகிற நேரத்தைக் கொஞ்சம் கூட்டி, நடக்கிற நேரத்தைக் குறையுங்கள். வேகம் சரியா என்று பார்க்க மணிக்கூடு தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிந்தால் சரி. மூச்சு வாங்கிச் சொல் சொல்லாகத்தான் வருகிறது என்றால் வேகம் கூடிவிட்டது.

சப்பாத்துக்கு அதிக காசு செலவழிக்க வேண்டாம். ஆனால் இங்கே வேலை இடத்தில் முள்ளும் பழைய தகரமும் கிடக்கும், வெறுங்காலோடும் செருப்போடும் வரவே கூடாது. நீரிழிவு, பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்கள் கிளினிக்கில் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.

குழுவில் இருக்கிற மிக மெதுவான ஆள்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். கடைசியாக வருகிறவரோடு கூடவே வருவதற்கென்று ஒருவரை ஒவ்வொரு முறையும் ஒதுக்குங்கள். முதல் நாள் பின்னால் தனியாக விடப்பட்டவர் இரண்டாம் நாள் வரமாட்டார்.

வேலையை ஊரிடம் கேளுங்கள்

இதில் நாங்கள் ஒரு பெரிய பிழை விட்டோம். முதல் வருடம், நல்ல காரியம்தானே என்று நினைத்து, ஒரு வாய்க்கால் கரை நெடுகப் பனம் விதை நட்டோம். யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அந்த வாய்க்காலைத் துப்புரவாக்க பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரம் வந்தது. அது கரை மண்ணைக் கிளறிப் போட்டதில் நாங்கள் நட்ட எல்லாம் போயிற்று. பெக்கோக்காரரில் பிழை இல்லை. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அந்த வேலை ஏற்கெனவே தீர்மானித்த ஒன்று. ஒரு பின்னேரம் போய் விசாரித்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே, ஒழுங்கு இப்படி. முதலில் சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றில் ஒன்றின் கூட்டத்துக்குப் போய் இருங்கள். உங்கள் திட்டத்தை விரிக்காமல், "கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஆறு பேர் வருவம், என்ன செய்ய?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்கிற வேலையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். காலையில் ஒரு கூட்டம் கத்தி மண்வெட்டியோடு நின்றால் பொலிசுக்கும் கேள்வி வரும், ஆகவே அங்கேயும் ஒரு சொல் சொல்லி வைப்பது நல்லது.

எந்த இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதும் முக்கியம். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சுகிற சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும், ஆகவே கமநல சேவை நிலையத்தில் கேட்கவேண்டும். அதைவிடப் பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம். ஊருக்குள் இருக்கிற வீதியும் குப்பையும் பிரதேச சபை. காட்டு எல்லை என்றால் வனவளத் திணைக்களம், அங்கே அனுமதி இல்லாமல் ஒரு தடியும் வெட்டக்கூடாது.

எங்களுக்குச் சரிவந்த வேலைகள்

பனை நடுகையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், எனக்கு மிகப் பிடித்த வேலை அது. ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். சூப்பிப் போட்ட விதை வளவுகளிலும் தோட்டங்களிலும் சும்மா கிடக்கும். ஒரு பழத்தில் ஒன்றிலிருந்து மூன்று விதை வரை இருக்கும். கேட்டு வாங்கி உரப்பைகளில் சேர்த்து வையுங்கள். ஐப்பசியில் முதல் மழை இரண்டு விழுந்து மண் இளகியவுடன் நடலாம். விதை பாரம், அதைச் சுமந்துகொண்டு ஓட முடியாது. யாராவது ஒருவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் முதல்நாள் பின்னேரமே இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுங்கள்.

ஒருவர் அலவாங்கால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி போட, அடுத்தவர் விதையை வைக்க, மூன்றாவது ஆள் மண்ணைத் தள்ளிக் காலால் மிதிக்க வேண்டும். குழிக்குக் குழி பத்தடி. குளக்கட்டின் மேல் மட்டும் நடவேண்டாம். மரத்தின் வேர் கட்டுக்குள் இறங்கினால் தண்ணீர் அதனூடே வழி தேடும். கட்டிலிருந்து தள்ளி, குளத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தில் எங்கே நடலாம் என்று உரிய ஆட்களே காட்டித் தருவார்கள்.

அதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். பனம் விதை முளைத்தவுடன் மேலே வராது. முளை முதலில் கீழே போகும், மண்ணுக்குள் கிழங்கு இறங்கும். நாங்கள் அவித்துத் தின்கிற அதே பனங்கிழங்குதான். மேலே பார்த்தால் பல மாதத்துக்கு வெறும் நிலம். "எல்லாம் பட்டுப்போச்சு" என்று எங்களில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். பிறகு ஒரு காலையில் எங்கள் தங்கச்சி ஒருத்தி குந்தியிருந்து புல்லை விலக்கிக் காட்டினாள். மடித்த விசிறி மாதிரி, ஒரு விரல் அகலத்தில், பச்சையாக ஒரே ஒரு இலை. நாங்கள் அன்று வேலை செய்யவே இல்லை, வரிசை வரிசையாக அந்த இலைகளைத் தேடி எண்ணிக்கொண்டு திரிந்தோம். இந்தக் கன்றுகளுக்கு எதிரி கோடையில் புல்லுக்கு வைக்கிற நெருப்பும் மாடுகளும். ஆகவே சிறுபோகக் காலத்தில் மாதம் ஒருமுறை அந்த வழியால் ஓடி, கன்றைச் சுற்றிக் காய்ந்த புல்லைச் செருக்கிவிட வேண்டும். நட்டவர்கள் பழம் பார்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது ஆகும்.

டெங்கு ஒழிப்பு, கிழமைக்கு ஒருமுறை ஓடுகிறவர்களுக்கென்றே அளந்து வைத்த வேலை. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். கிழமைக்கு ஒருமுறை அதே ஒழுங்கையால் போய்த் தண்ணீர் தேங்கியதைக் கவிழ்த்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை பெரிய எடுப்பில் செய்தால் இடையில் மூன்று சுற்று நுளம்பு பறந்துவிடும். சிரட்டை, யோகட் கோப்பை, தகரப்பேணி, பழைய ரயர், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, மலசலகூடத்துச் சீமெந்துத் தொட்டி என்று பாருங்கள். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தும்புத்தடியாலோ தேங்காய்த் தும்பாலோ உரஞ்சித் தேய்த்தால்தான் போகும். வளவுக்குள் போக வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே சொன்னால் எந்தப் பகுதியில் காய்ச்சல் கூட என்று அவர் சொல்வார், சிலவேளை தானே கூட வருவார்.

முதியவர்களின் வீட்டு வேலை சின்னதாகத் தெரியும், ஆனால் அதுதான் எல்லாவற்றையும்விடக் கவனமாகச் செய்யவேண்டியது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள், பிள்ளைகளே இல்லாமல் போனவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக இன்னும் காத்திருப்பவர்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒரு வீட்டுக்கு எப்போதும் அதே இரண்டு பேர். வேலி அடைப்பது, கிடுகு மாற்றுவது, விறகு கொத்துவது, தண்ணீர் அள்ளி நிரப்புவது, கிளினிக் மருந்து எடுத்து வந்து கொடுப்பது. நாங்கள் போகிற ஒரு அம்மா வீட்டில், மூன்றாம் கிழமை செய்வதற்கு வேலையே இல்லை. "வேலை இல்லாட்டி வரமாட்டியளோ? இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கத்தான் போகிறோம், வேலை இருந்தால் செய்கிறோம். போர்க்காலத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் இடையில் பேசாமல் கேளுங்கள். வர முடியாத கிழமை என்றால் முதலே சொல்லியனுப்புங்கள், பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஆவணி, புரட்டாதியில் காலபோக நெல் விதைப்புக்கு முன்னர் குளக்கட்டுப் பற்றைகளை வெட்டும் சிரமதானங்கள் நடக்கும். பற்றை போனால்தான் கட்டில் எலி வளையோ ஒழுக்கோ இருப்பது கண்ணுக்குத் தெரியும். அந்தச் சிரமதானங்களில் கமக்காரர்கள் சொல்கிறபடி கூடநின்று செய்யுங்கள், வேலை தெரிந்தவர்கள் அவர்கள். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா போன்ற பெருங்கூட்டங்களுக்குப் பிறகு வீதியோரம் முழுக்கப் போத்தலும் பொலித்தீனுமாகக் கிடக்கும். மாடுகள் வந்து மேய்வதற்கு முன்னர், அடுத்த நாள் காலையே ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். பைகளை ஏற்ற உழவு இயந்திரம் எப்போது வரும் என்று பிரதேச சபையில் முதலே பேசிவையுங்கள். ஏற்ற ஆள் இல்லாமல் கட்டி வைத்த பையை நாய் இழுத்துவிடும், செய்த வேலை வீண். கொளுத்திவிடுவது கூடவே கூடாது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்களுக்குப் புரட்டாதியில் நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. செப்ரெம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் கரையோரத் துப்புரவு நாள்.

தெரியாத பொருளைத் தொடாதீர்கள்

இந்தப் பகுதியைக் குழுவில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே வாசித்துக் காட்டுங்கள்.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலையை வருடக்கணக்காக எங்கள் ஊர்ப் பெண்களும் ஆண்களும் வெயிலில் முழந்தாளிட்டுச் செய்துகொண்டிருக்கிறார்கள். நிறைய நிலம் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனால் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. முகமாலைப் பக்கம் போனவர்களுக்கு அது தெரியும். சுவீடனில் ஓடுகிறவர் கண்ணில் படுகிற எதையும் குனிந்து எடுக்கலாம். எங்களுக்கு அந்தப் பழக்கம் ஆபத்து. போத்தல், பொலித்தீன், கடதாசி, சிரட்டை என்று பார்த்தவுடன் பெயர் சொல்ல முடிந்ததை மட்டும் எடுங்கள். துருப்பிடித்த இரும்பு, பாதி புதைந்த பேணி, வயர் நீட்டிக்கொண்டு நிற்கிற எதுவும், பெயர் தெரியாத பிளாஸ்ரிக் பொருள் எதுவும் தொடக்கூடாது, காலால் தட்டக்கூடாது, கல் எறிந்து பார்க்கக்கூடாது. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் உயிரையும் இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

கண்டுவிட்டால் எல்லோரும் நிற்கவேண்டும். வந்த அடியிலேயே திரும்பிப் பழகிய பாதைக்கு வாருங்கள். இடத்தை மனதில் குறித்துக்கொண்டு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள், 119க்கு எடுக்கலாம். மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு அடையாளமோ உள்ள இடத்தில் பலகை பழையதாகத் தெரிந்தாலும் உள்ளே போகாதீர்கள். ஓட்டப் பாதை என்பது ஊர் மக்கள் தினமும் பாவிக்கிற வீதியும் ஒழுங்கையும் மட்டும்தான். குறுக்கு வழி பார்த்துப் பற்றைக்குள் இறங்கவேண்டாம். குழி தோண்டும் வேலை என்றால், அந்த நிலம் மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் அலவாங்கைத் தூக்கக்கூடாது. பெருவெள்ளம் மண்ணை அரித்தால் கீழே கிடந்தது மேலே வரும், பொருள் இடம் மாறும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த மாதிரி வெள்ளம் வந்து வடிந்த பிறகு, பழகிய இடத்தைக்கூடப் புது இடம் மாதிரித்தான் பார்க்கவேண்டும்.

வெயில், வீதி, பாம்பு, யானை

ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் எல்லாம் முடியவேண்டும். பங்குனி, சித்திரையில் ஒன்பது மணி வெயிலில் மண்வெட்டி பிடிப்பது உடம்புக்குக் கூடாது. ஓடி வியர்த்த பிறகு உடனே குனிந்து கொத்தினால் இடுப்புப் பிடிக்கும், ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, பிறகு தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் வேலை இடத்தில் முதலே இருக்கவேண்டும். பெட்டிக்குள் ஜீவனிப் பைக்கற் இரண்டு வையுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். தலை சுற்றி, கதை குழறினால் நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

ஏ-9 வீதியில் குழுவாக ஓடவேண்டாம். பேருந்துகள் வருகிற வேகத்துக்கு வீதியோரம் போதாது. கடக்கவேண்டும் என்றால் நின்று, எல்லோரும் ஒன்றாகக் கடவுங்கள். உள்வீதிகளில் வலது பக்கமாக, வாகனம் முன்னால் வருவது தெரிகிற மாதிரி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற காட்டோரப் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே நன்றாக வெளிச்சம் வந்து, பால் கொண்டுபோகிறவர்கள் வீதியில் இறங்கிய பிறகுதான் ஓட்டம். முதல்நாள் இரவு எங்கே யானை நின்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள்.

பற்றை வெட்டும்போதும் பனையோலைக் குவியலை இழுக்கும்போதும் புடையன் பாம்பு இருக்கலாம். கையை விடுவதற்கு முன்னர் தடியால் தட்டுங்கள், நீளச் சப்பாத்துப் போடுங்கள். கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம், ஆளை நடக்கவிடாமல் நேரே அரச வைத்தியசாலை. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அதே வைத்தியசாலைக்குத்தான். வாய்க்காலிலும் சேற்றிலும் இறங்குகிற வேலை என்றால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. காலில் கையில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்று சேற்றில் இறங்காமல் கரையில் நிற்கட்டும். முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மருந்து தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

காசும் படமும்

காசு சேர்க்காதீர்கள். குழு கொஞ்சம் பெயர் எடுத்ததும் வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் "எவ்வளவு அனுப்ப?" என்று அன்போடு கேட்பார்கள். கையுறை ஆறு சோடி, மண்வெட்டி இரண்டு, முதலுதவிப் பெட்டி ஒன்று என்று பொருளாகக் கேளுங்கள். பொருள் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். காசு வந்த இடத்தில் கணக்குக் கேள்வி வரும், கேள்வி வந்தால் கூட்டம் உடையும், பல நல்ல குழுக்கள் அப்படித்தான் கலைந்தன.

படம் எடுக்கலாம், வேலை இடத்தை எடுங்கள். முதியவரையோ பிள்ளைகளையோ அவர்கள் வீட்டையோ எடுக்காதீர்கள். உதவி வாங்கிய முகம் முகநூலில் ஏறினால் அந்த அம்மா அடுத்த கிழமை கதவைச் சாத்திவிடுவார்.

சாப்பாட்டுக்கு ஏதாவது வையுங்கள். எங்களுக்கு ஒரு கிழமை அவித்த கடலை, ஒரு கிழமை கச்சான், யாராவது முறிகண்டிப் பக்கம் போய்வந்தால் அங்கே வறுத்த சூட்டுக் கச்சான். மழைக்காலத்தில் ஒரு வீட்டில் கஞ்சி காய்ச்சித் தருவார்கள். அந்தக் கால்மணித்தியாலத்தில்தான் புதிதாக வந்தவர் மற்றவர்களின் பெயரைப் பழகுகிறார்.

மாரியில், குளம் வான் பாய்கிற நாட்களில், வீதி தண்ணீருக்குள் இருந்தால் ஓடாதீர்கள். ஆனால் கூடுங்கள். வாசிகசாலை விறாந்தையில் இருந்து அலவாங்குக்குப் பிடி போடலாம், மண்வெட்டி தீட்டலாம், அந்த ஒழுங்கைச் சிரட்டைகளை நடந்துபோய்க் கவிழ்த்துவிட்டு வரலாம். எங்கள் கொப்பியில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது: வந்தவர்களின் பெயர், செய்த வேலை, அதைத் திரும்பப் பார்க்கப் போகவேண்டிய திகதி. அந்தக் கடைசி வரியை எழுதாமல் நாங்கள் கலைவதில்லை. போன ஐப்பசியில் நட்ட விதைகளுக்கு எழுதியிருப்பது வைகாசி முதற்சனி, புல் செருக்க நாலு பேர்.